சர்க்கரை, உடல் எடை, பாப் பரிசோதனை முடிவு: இவற்றுக்கிடையே உள்ள தொடர்பு என்ன?

முல்லை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. கருப்பை வாய்ப் பரிசோதனையின் அறிக்கை கைக்கு வந்து பத்து நாள்கள் ஆகின்றன. பலமுறை படித்தும் தெளிவு கிடைக்காததால் இங்கே கேட்கிறேன்.

பாப் ஸ்மியரில் (கருப்பை வாய்ச் செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதனை) ‘ஏஎஸ்சி-யுஎஸ்’ என்றும், மிதமான அழற்சி இருப்பதாகவும், கேண்டிடா பூஞ்சை காணப்படுவதாகவும் எழுதியிருக்கிறார்கள். உடன் எடுத்த எச்பிவி வைரஸ் பரிசோதனையில் அந்த வைரஸின் 16, 18 ஆகிய இரண்டு வகைகளும் இல்லை. ஆனால் ‘மற்ற 12 உயர் அபாய வகைகள்’ என்ற வரியில் பாசிட்டிவ் என்று இருக்கிறது. மருத்துவர் கால்போஸ்கோப்பி (கருப்பை வாயை உருப்பெருக்கிக் கருவியால் பார்ப்பது) செய்துகொள்ளச் சொல்லிவிட்டார்.

எனக்கு மூன்று ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. வெறும் வயிற்றுச் சர்க்கரை 148, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 7.6, இரத்தக் கொழுப்பு வகையான ட்ரைகிளிசரைடு 210, நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் 38, இரத்த அழுத்தம் 134/86, இடுப்புச் சுற்றளவு 98 சென்டிமீட்டர். மெட்ஃபார்மின் எடுத்து வருகிறேன். ஐந்து மாதங்களாக டாபாகிளிஃப்ளோசினும் சேர்ந்திருக்கிறது.

நெருங்கிய உறவினர் ஒருவர், “இது எல்லாமே சர்க்கரையால் வந்த கோளாறுதான், எடையைக் குறைத்தால் தானாகச் சரியாகிவிடும், ஆறு மாதம் பொறுத்து மறுபடியும் ஸ்மியர் எடுத்துப் பார்” என்கிறார். உண்மையைச் சொன்னால் அந்த யோசனை எனக்கு ஆறுதலாகவே இருக்கிறது. ஏனென்றால், இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில் ஸ்மியர் எடுத்தபோது மிகுந்த வலியை அனுபவித்தேன். கருப்பை வாய் சரியாகத் தெரியவில்லை என்று மூன்று முறை கருவியை மாற்றினார்கள். “இவ்வளவு எடை இருந்தால் எங்களால் என்ன செய்ய முடியும்” என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். கடைசியில் ‘மாதிரி போதுமானதாக இல்லை’ என்று அறிக்கை வந்தது. நான் அதன் பிறகு போகவே இல்லை.

வளர்சிதை மாற்றக் கோளாறுகளுக்கும் இந்த முடிவுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? ஆறு மாதம் தள்ளிப்போடலாமா? இது தொடர்பானதா என்று தெரியவில்லை, ஆயினும் சொல்லிவிடுகிறேன்: ஓராண்டாக மாதவிடாய் ஒழுங்காக இல்லை, இரண்டு மாதம் வராமல் இருந்து, பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் நீடிக்கிறது.

அகல்விளக்கு

வணக்கம் சகோதரி. நான் பல ஆண்டுகளாகச் செல் ஆய்வுக்கூடத்தில் ஸ்மியர் கண்ணாடிகளைப் பார்க்கும் பணியில் இருக்கிறேன். சிகிச்சை பற்றி முடிவு செய்யவேண்டியவர் உங்கள் மருத்துவர். அறிக்கையில் உள்ள சொற்களின் பொருளை மட்டும் நான் விளக்குகிறேன்.

முதலில் தெளிவாகச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. கருப்பை வாய்ப் புற்றுநோயும் அதற்கு முந்தைய மாற்றங்களும் ஏறத்தாழ எல்லா நேர்வுகளிலும் எச்பிவி வைரஸின் உயர் அபாய வகைகள் உடலில் நீடித்துத் தங்குவதால் வருகின்றன. இந்த உறவை நிறுவியதற்காகத்தான் ஹெரால்ட் ட்சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. சர்க்கரையோ கொழுப்போ இடுப்புச் சுற்றளவோ தனித்து நின்று இந்தச் செல் மாற்றத்தை உண்டாக்குவதில்லை. ஆகவே, ‘எல்லாமே சர்க்கரையால்’ என்று உங்கள் உறவினர் சொன்னது சரியன்று.

ஆனால், உங்கள் அறிக்கையின் ஒரு பகுதிக்குச் சர்க்கரையோடு தொடர்பு இருக்கலாம். கேண்டிடா பூஞ்சை நுண்ணோக்கியில் மிகத் தெளிவாகத் தெரியும்: மெல்லிய நூல் போன்ற இழைகள் செல்களின் ஊடே சென்று, நாரில் பூக்களைக் கோத்தது போல அவற்றை வரிசையாகச் சேர்த்து வைத்திருக்கும். இரத்தச் சர்க்கரை கூடுதலாக இருக்கும் பெண்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம். அதோடு, நீங்கள் ஐந்து மாதங்களாக எடுத்துவரும் டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்து. பிறப்புறுப்புப் பூஞ்சைத் தொற்று அதன் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாமல், ஸ்மியர் அறிக்கையை உங்கள் சர்க்கரை மருத்துவரிடமும் கட்டாயம் காட்டுங்கள். இரண்டு மருத்துவர்கள் இரண்டு கோப்புகளை வைத்துக்கொண்டு, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமலே இருப்பதைத்தான் நான் அதிகம் காண்கிறேன்.

அழற்சி இருந்தால் செல்களின் உட்கரு சற்றுப் பெருத்துக் காணப்படும். ஏஎஸ்சி-யுஎஸ் என்று நாங்கள் எழுதுவது, அந்தப் பெருக்கம் இயல்பான இடைநிலைச் செல்லின் உட்கருவைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்குப் பரப்பை எட்டும்போதுதான். இது அழற்சியால் மட்டும் வந்ததா, வைரஸால் வந்ததா என்று கண்ணால் மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாத நிலைக்கே அந்தப் பெயர். அந்த ஐயத்தைத் தீர்க்கவே எச்பிவி பரிசோதனை உடன் செய்யப்படுகிறது. உங்களுக்கு அது நெகட்டிவ் என்று வந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன்; சில ஆண்டுகள் கழித்து வழக்கமான பரிசோதனை போதும் என்றே மருத்துவரும் சொல்லியிருப்பார். பாசிட்டிவ் என்று வந்திருப்பதாலும், இதற்கு முன் தெளிவான நெகட்டிவ் முடிவு எதுவும் உங்களிடம் இல்லாததாலும், கால்போஸ்கோப்பி பரிந்துரைத்திருப்பது முறையானதே. 16, 18 இல்லை என்பது நல்ல செய்தி; கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதத்துக்கு அவை இரண்டுமே காரணம். ஆனால் மீதமுள்ளவை பெரும்பாலும் அந்த ‘மற்ற 12’இலிருந்து வருபவை என்பதால், அந்த வரியை ஒதுக்கிவிட முடியாது.

செம்பருத்தி

மேலே எழுதியவர்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் என் அனுபவத்தையும் சொல்லவேண்டும். எனக்கும் இதே போன்ற முடிவு வந்தது. கால்போஸ்கோப்பியில் பெரிதாக ஒன்றும் தென்படவில்லை, ஓராண்டு கழித்து வாருங்கள் என்றார்கள். அந்த ஓராண்டில் ஒன்பது கிலோ குறைத்தேன், எச்பிஏ1சி 7.9இலிருந்து 6.2க்கு வந்தது, அடுத்த பரிசோதனையில் எச்பிவி நெகட்டிவ். உடல் நலம் பெற்றதும் நோய் எதிர்ப்பு ஆற்றல் வைரஸை விரட்டிவிட்டது என்றே நான் நம்புகிறேன். வளர்சிதை மாற்றத்துக்கு இதில் பங்கே இல்லை என்பது போல எழுதுவது சரியல்ல.

அகல்விளக்கு

செம்பருத்தி, பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நீங்கள் குறிப்பிட்ட பிறகு பார்க்கும்போது, அந்தப் பகுதியை நான் விளக்காமல் விட்டது குறைதான்.

எச்பிவி தொற்றுகளில் பத்தில் ஒன்பது, சிகிச்சை எதுவும் இல்லாமலே இரண்டு ஆண்டுகளுக்குள் மறைந்துவிடுகின்றன. அதனால், எடை குறைந்த ஓராண்டில் தொற்றும் மறைந்தது என்றால், எடை குறைந்ததால்தான் மறைந்தது என்று ஒருவருடைய அனுபவத்தைக் கொண்டு கூற இயலாது. எடை குறையாமல் இருந்திருந்தாலும் மறைந்திருக்கக்கூடும். ஆனால் வைரஸ் மறையாமல் தங்கிவிடும் அந்தச் சிறு பகுதியினர் யார் என்ற கேள்விக்கு, வளர்சிதை மாற்றக் கோளாறும் ஒரு விடையாக இருக்கலாம் என்று கருத இடமுண்டு. வயிற்றுப் பகுதியில் சேரும் கொழுப்பு வெறும் சேமிப்பு அன்று. அழற்சியைத் தூண்டும் பொருள்களை இடைவிடாமல் சுரக்கும் திசு அது. நாட்பட்ட அழற்சியும் உயர்ந்த சர்க்கரையும், தொற்றுள்ள செல்களை அடையாளம் கண்டு அழிக்கும் வெள்ளணுக்களின் திறனைத் தளரச் செய்கின்றன. வளர்சிதை மாற்ற நோய்க்குறி உள்ள பெண்களிடம் எச்பிவி தொற்றும் செல் மாற்றங்களும் கூடுதலாக இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. நார்வே, ஆஸ்திரியா, ஸ்வீடன் ஆகிய நாடுகளின் பதிவுகளை ஒருங்கிணைத்த ஆய்வு இரத்த அழுத்தத்தையும் ட்ரைகிளிசரைடையும்கூடக் கருப்பை வாய்ப் புற்றுநோயோடு தொடர்புபடுத்தியது. ஆனால் இவையெல்லாம் ‘சேர்ந்து காணப்படுகின்றன’ என்ற அளவில் நிற்பவை. சர்க்கரையைக் குறைத்தால் எச்பிவி மறையும் என்று நிறுவப்படவில்லை. புகைப்பழக்கம் ஒரு துணைக்காரணி என்பது எவ்வளவு உறுதியாக நிறுவப்பட்டிருக்கிறதோ, அந்த உறுதி இதற்கு இன்னும் இல்லை.

முல்லை, நோய்க்குறி என்ற சொல்லைப் பயன்படுத்தியதால் இதையும் சொல்கிறேன்: இடுப்புச் சுற்றளவு, ட்ரைகிளிசரைடு, எச்டிஎல், இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை ஆகிய ஐந்தில் மூன்று வரம்பு மீறினாலே அந்தப் பெயர் பொருந்தும். நீங்கள் எழுதியிருப்பதில் ஐந்துமே வரம்பு மீறியிருக்கின்றன. இதயத்துக்காகவும் சிறுநீரகத்துக்காகவும் இவற்றைச் சரிசெய்யவேண்டும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. கால்போஸ்கோப்பிக்கு மாற்றாக அதைச் செய்யக்கூடாது என்பதே என் கருத்து.

நீலவானம்

சகோதரி முல்லை, உங்கள் கேள்வியில் என்னைத் தொட்டது அறிக்கை அல்ல, அந்த மூன்று முறை கருவி மாற்றிய நிகழ்வு. எனக்கும் அது நேர்ந்திருக்கிறது. என் எடை 104 கிலோவாக இருந்த காலத்தில் இரண்டு ஸ்மியர்கள் ‘இயல்பானவை’ என்று வந்தன. மூன்றாவது முறை எச்பிவி 16 பாசிட்டிவ். கால்போஸ்கோப்பி செய்த மருத்துவர், யோனியின் பக்கச் சுவர்கள் உள்நோக்கிச் சரிந்து கருப்பை வாயின் கீழ்ப்பகுதியை முழுவதும் மறைத்திருந்தன என்றார். அவர் செய்தது மிக எளிய ஒரு காரியம்: ஓர் ஆணுறையின் நுனியை வெட்டிவிட்டு, அதை, உள்ளே விரித்துப் பார்க்க உதவும் கருவியான ஸ்பெகுலத்தின் மேல் உறைபோல மாட்டினார். ஸ்பெகுலம் விரிந்தபோது அந்த உறை இரு பக்கச் சுவர்களையும் தாங்கிப் பிடித்தது. இடுப்புக்கு அடியில் ஒரு மடித்த துணியை வைத்தார். எனக்கு ஏறக்குறைய வலியே இல்லை. அதுவரை யார் கண்ணிலும் படாத இடத்தில் சிஐஎன் 3, அதாவது புற்றுநோய்க்கு முந்தைய கடுமையான செல் மாற்றம், இருந்தது. மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் வெட்டியெடுக்கும் லீப் முறையில் அந்தப் பகுதியை அகற்றினார்கள். நான்கு ஆண்டுகளாகப் பரிசோதனைகள் இயல்பாக இருக்கின்றன.

அந்த அனுபவத்துக்குப் பிறகு நான் தேடிப் படித்ததில் ஒன்று என்னை உலுக்கியது. அமெரிக்காவின் வடக்குக் கலிஃபோர்னியாவில் ஒரே மருத்துவ அமைப்பில் பரிசோதனை செய்துகொண்ட 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. உடல் எடை கூடக்கூட, புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் கண்டுபிடிக்கப்படுவது குறைந்துகொண்டே போனது. புற்றுநோயோ கூடிக்கொண்டே போனது. முந்தைய நிலை உண்மையிலேயே குறைவாக இருந்தால் புற்றுநோயும் குறைவாகத்தானே இருக்கவேண்டும்? அது இருந்திருக்கிறது, ஆனால் பிடிபடவில்லை. நாங்கள் பரிசோதனைக்குப் போகாததால் அல்ல. போன பிறகும் தவறவிடப்பட்டிருக்கிறோம். போகாமல் இருப்பது இதற்கு மேலும் ஒரு சுமை: உடல் பருமன் உள்ள பெண்கள் ஸ்மியர் எடுத்துக்கொள்வது பொதுவாகவே குறைவு என்றும், கூச்சமும் அவமதிப்பு அச்சமும் அதற்குப் பெரிய காரணங்கள் என்றும் பல ஆய்வுகள் சொல்கின்றன.

அதனால், போகும்போது முன்கூட்டியே சொல்லுங்கள்: “சென்ற முறை கருப்பை வாய் தெரியவில்லை, மாதிரி போதவில்லை, பெரிய ஸ்பெகுலமும் பக்கச் சுவரைத் தாங்கும் கருவியும் தயாராக இருக்கட்டும்.” தயங்காமல் சொல்லுங்கள். இது சலுகை கேட்பது அல்ல. வலித்தால் நிறுத்தச் சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு. உங்கள் காதுபட அந்தச் சொல்லைச் சொன்னவர், தன் கையில் இருந்த கருவி உங்களுக்குப் பொருந்தவில்லை என்பதற்கு உங்கள் உடலைக் குற்றம் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வாக்கியத்தால் உங்களுக்கு இரண்டு ஆண்டுகள் போய்விட்டன என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வெண்தாமரை

நான் மகளிர் நல மருத்துவர். முன்னர் எழுதியவர்கள் சொன்னவற்றோடு எனக்கு உடன்பாடு உண்டு. முல்லை கடைசி வரியில் ‘தொடர்பானதா என்று தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறாரே, அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்; ஏனெனில் இந்தத் திரியில் எனக்கு மிகவும் கவலை தருவது அந்த வரிதான்.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல், மிகை உடற்கொழுப்போடு போதிய சான்றுடன் தொடர்புள்ள 13 புற்றுநோய்களை வரையறுத்தது. கருப்பை வாய்ப் புற்றுநோய் அந்தப் பட்டியலில் இல்லை. கருப்பையின் உட்சுவரில் வரும் புற்றுநோய் இருக்கிறது. உடல் பருமனோடு மிக வலுவாகப் பிணைந்த புற்றுநோய்களில் அது ஒன்று. காரணமும் நன்கு விளங்கியதே: கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோஜனை உருவாக்குகிறது, கருமுட்டை வெளிப்படாத மாதங்களில் அதைச் சமன்செய்யப் புரோஜெஸ்டிரோன் சுரப்பதில்லை, உட்சுவர் உதிராமல் தடித்துக்கொண்டே போய், பிறகு நாள்கணக்கில் உதிரம் போகிறது. இன்சுலின் மிகையாகச் சுரப்பதும் அந்த வளர்ச்சியைத் தூண்டும். இரண்டு மாதம் வராமல் இருந்து பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் நீடிக்கும் மாதவிடாய் என்று நீங்கள் எழுதியிருப்பது இந்த வடிவத்தோடு ஒத்துப்போகிறது.

பாப் ஸ்மியர் கருப்பையின் வாயிலைப் பார்ப்பது. உட்சுவரை அது பரிசோதிப்பதில்லை. ஸ்மியர் இயல்பாக இருக்கிறது என்பதால் கருப்பையே நலமாக இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளும் பெண்களைத் தொடர்ந்து சந்திக்கிறேன். ஸ்மியரில் சுரப்பிச் செல்கள் இயல்பு மாறியிருப்பதாக வந்தால் மட்டும், 35 வயதைக் கடந்தவர்களுக்கும், அதற்குக் கீழே இருந்தாலும் உடல் பருமனோ ஒழுங்கற்ற உதிரப்போக்கோ உள்ளவர்களுக்கும் உட்சுவர் மாதிரியும் சேர்த்து எடுப்போம். உங்கள் அறிக்கை அந்த வகை அல்ல; ஆயினும் உங்கள் உதிரப்போக்கே தனியாக ஆராயப்படவேண்டிய ஒன்று. கால்போஸ்கோப்பி நாளிலேயே மருத்துவரிடம் இதைச் சொல்லி, ஸ்கேனும் உட்சுவர் பயாப்சியும் (திசு மாதிரி எடுத்து ஆராய்வது) தேவையா என்று கேளுங்கள். ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிட இயலும்.

தள்ளிப்போடுவதைப் பற்றி: கருப்பை வாய் மாற்றங்கள் மெதுவாக வளர்பவை. நியூசிலாந்தில் முறையான சிகிச்சை பெறாமல் விடப்பட்ட சிஐஎன் 3 நிலைப் பெண்களை நெடுங்காலம் பின்தொடர்ந்தபோது, 30 ஆண்டுகளில் ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்குப் புற்றுநோய் வந்தது. ஆகையால் பூஞ்சைத் தொற்றுக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டு, சர்க்கரையைச் சற்றுக் கட்டுக்குள் கொண்டுவந்து, மூன்று நான்கு வாரங்கள் கழித்துப் போவதில் தீங்கு எதுவும் இல்லை. அழற்சி தணிந்திருந்தால் எங்களுக்கும் தெளிவாகத் தெரியும், பயாப்சி எடுத்த இடமும் நன்றாக ஆறும். ஆறு மாதம் என்று தேதி குறிக்காமல் விடுவதைத்தான் நான் ஏற்கமாட்டேன். ஏற்கெனவே ஒரு முறை அது இரண்டு ஆண்டுகளாக நீண்டிருக்கிறது.

முல்லை

நால்வருக்கும் என் நன்றி. நீலவானம் எழுதியதைப் படித்தபோது, அந்த நாளுக்குப் பிறகு முதல் முறையாக அழுதேன். பூஞ்சைத் தொற்றுக்கு மருந்து தொடங்கிவிட்டேன். இரண்டு அறிக்கைகளையும் ஒரே கோப்பில் வைத்துச் சர்க்கரை மருத்துவரிடம் காட்டினேன், டாபாகிளிஃப்ளோசினுக்குப் பதிலாக வேறு மருந்து எழுதினார். அடுத்த மாதம் 9ஆம் தேதி கால்போஸ்கோப்பி. ஸ்பெகுலம் பற்றித் தொலைபேசியிலேயே சொன்னேன். மறுமுனையில் இருந்த செவிலியர் குறித்துக்கொண்டார். உதிரப்போக்கைப் பற்றியும் எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னும் ஒரே ஓர் ஐயம். கால்போஸ்கோப்பியில் அயோடின் தடவுவார்கள் என்றும், செல்லில் உள்ள சர்க்கரையை வைத்துத்தான் நிறம் மாறும் என்றும் படித்தேன். என் இரத்தச் சர்க்கரை கூடுதலாக இருப்பதால் அந்த முடிவு தவறாகிவிடுமா?

வெண்தாமரை

ஆகாது. அயோடின் பற்றுவது செல்லுக்குள் சேமிக்கப்பட்டிருக்கும் கிளைகோஜன் மீது. அங்கே அது எவ்வளவு சேரும் என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பது ஈஸ்ட்ரோஜன், இரத்தத்தில் ஓடும் சர்க்கரை அல்ல. இயல்பான செல்கள் அடர் பழுப்பு நிறமாகும். மாற்றமடைந்த பகுதி மஞ்சளாகவே நிற்கும். அதற்கு முன்பு அசிட்டிக் அமிலக் கரைசலைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெண்மையாக மாறும் பகுதிகளைப் பார்ப்போம்; சற்று எரிச்சல் தோன்றும், விரைவில் அடங்கிவிடும். முந்தைய இரண்டு நாள்களில் உள்ளே வைக்கும் மருந்துகளையும் உடலுறவையும் தவிர்த்துவிடுங்கள். பூஞ்சைக்கான மருந்து அதற்குள் முடிந்துவிடும்படி பார்த்துக்கொள்ளுங்கள். 9ஆம் தேதி உதிரப்போக்கு இருந்தால் முன்னதாகவே அழைத்துச் சொல்லி, வேறொரு தேதியை அந்த அழைப்பிலேயே வாங்கிவிடுங்கள்.